டீ டம்ளரில் அளந்த ஆறு

ஜூலை 4

மதிப்பிற்குரிய ‘கரை’ பேக்கேஜ் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். புள்ளியியல் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான நம் கிடங்கில், ‘சல்லடை’ என்ற பேக்கேஜை, அதாவது நிரல் தொகுப்பை, பராமரித்து வருபவள் நான். கருவிகள் அனுப்பும் அளவுகளில் கோளாறானவற்றைச் சலித்துத் தள்ளிவிட்டு, நல்லவற்றை மட்டும் கொடுப்பது அதன் வேலை. ஆற்று நீர்மட்டத்தைப் பார்த்து வெள்ள எச்சரிக்கை தரும் தங்கள் ‘கரை’, சல்லடையை நம்பி அதன் மேல் நிற்கிறது.

மொழியின் புதிய பதிப்பு வருகிறது. அதற்கேற்ப சல்லடையை மாற்றி, செப்டம்பர் முதல் தேதிக்குள் நான் கிடங்கில் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சல்லடையே பரணுக்குப் போய்விடும். கிடங்கின் வழக்கப்படி, ஏற்றுவதற்கு முன் என் மேல் நிற்கும் எல்லா பேக்கேஜ்களின் டெஸ்ட்களையும், அதாவது அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சோதனைகளையும், புதிய பதிப்போடு ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை காட்டித் தேறின. தங்களுடையதில் மட்டும் ஒரு டெஸ்ட் சிவப்பாகி விழுகிறது.

காரணம் இதுதான். சல்லடையின் உள்ளறையில், வெளியாருக்கென்று வைக்காத ஒரு ஃபங்ஷனை, ஒரு சிறு நிரல் துண்டை, தாங்கள் நேராக எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். புதிய பதிப்பில் அது கிடையாது. அந்தத் தேதிக்குள் தாங்கள் சரிசெய்யாவிட்டால் கிடங்குக்காரர்கள் ‘கரை’யைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். பிறகு எந்தப் புதிய கணினியிலும் அதை இறக்கிக்கொள்ள முடியாது.

இது எல்லோருக்கும் அனுப்புகிற ஒரே மாதிரியான கடிதம்.

இப்படிக்கு,
சல்லடை பொறுப்பாளர்

பி.கு: அத்தைக்கு முட்டிவலி தேவலை. உன் அண்ணன் நலம். இது மட்டும் எல்லோருக்கும் அனுப்புகிற கடிதத்தில் கிடையாது.


ஜூலை 6

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

எல்லோருக்கும் அனுப்புகிற கடிதம் என்கிறீர்கள். விழுந்தது நான் ஒருத்திதான் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த எல்லோரும் யார்? இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர் வாசலில் நின்று தபால்காரர் குரலில் கூப்பிட்டது போல் இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். ஹாஸ்டலில் எனக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே, பதிலுக்கு நான் உங்களுக்கு ‘தராசு’ என்று வைத்தேன்.

கொல்லைப்புறமாக வந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் முன்வாசலைத் தட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? ‘எவ்வளவு தாவினால் தள்ளுவது என்ற வரம்பை, பயன்படுத்துகிறவரே மாற்றிக்கொள்ள வழி வையுங்கள்’ என்று கேட்டு, திருத்தத்தையும் நானே எழுதி அனுப்பினேன். ‘தேவையில்லை’ என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்டீர்கள். ஏன் கேட்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. ஹாஸ்டல் கட்டிலில் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதிய பேக்கேஜ் அது. நீங்கள் எங்கள் வீட்டுக்கே மருமகளாக வந்த பிறகு, என் முகத்திலேயே கதவைச் சாத்தினால் நான் என்ன செய்ய? சுவரேறிக் குதித்து, அந்த உள்ளறை ஃபங்ஷனை எடுத்து வரம்பை நானே மாற்றிக்கொண்டேன்.

விழுகிற அந்த டெஸ்ட்டில் இருப்பது எங்கள் ஆற்றின் ஒரு நாள் அளவுகள். ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவலை ‘கரை’ நம்ப வேண்டும், எச்சரிக்கை கொடுக்க வேண்டும். இதுதான் டெஸ்ட். எங்கள் வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்து மேலதிகாரி தினமும் என் மேஜைக்கு வந்து நிற்கிறார். “ஒரு டெஸ்ட்டு தானேம்மா, எடுத்து விட்டுட்டா எல்லாம் பச்சையாயிடும். எதுக்கு மல்லுக்கட்டுற?” என்கிறார். பாவம், அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். எடுப்பது எனக்கு அரை நிமிட வேலை.

எடுக்க மாட்டேன். இந்த மழைக்கு முன் மலையடிவாரத்தில் ஒரு புது நிலையமும், ஆற்றின் கீழ்ப்பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் புதிய கணினிகளும் வருகின்றன. அவை கிடங்கிலிருந்துதான் ‘கரை’யை இறக்கிக்கொள்ளும். பரணில் ஏறிவிட்டால் அந்தத் தெருக்களுக்கு எச்சரிக்கையே கிடையாது. டெஸ்ட்டை அழித்துத் தப்பித்தால் எச்சரிக்கை என்று ஒன்று இருக்கும், வேண்டிய நாளில் வாயைத் திறக்காது. இரண்டில் எது தேவலை என்று நீங்களே சொல்லுங்கள்.

‘கரை’ பொறுப்பாளர்


ஜூலை 13

அவசரத்துக்கு,

‘தாங்கள்’ என்று மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

முதலில் வேறொன்றைச் சொல்கிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. இதுவரை நம் மேல் நிற்பவர்களில் பத்து இருபது பேரைத்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இந்த முறை எங்கள் காப்பீட்டு அலுவலகத்துக் கணினிகளை விடுமுறை நாளில் கேட்டு வாங்கி, முழுவதையும் ஓட்டினேன். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பெயராகத் திரையில் வந்தது. ஏரியில் பறவை எண்ணுகிற பேக்கேஜ், பச்சை. ரொட்டி அடுப்பின் சூட்டைக் கவனிக்கிறது, பச்சை. குறைமாதக் குழந்தைகளின் நாடித்துடிப்பு, பச்சை. நட்சத்திர வெளிச்சம், தேன்கூட்டின் எடை, பாலத்தின் அதிர்வு. ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. நாம் கட்டிலில் உட்கார்ந்து எழுதியதன் மேல் இத்தனை பேர் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உன் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, அழுவுறியா?” என்றார். இல்லை என்று சொன்னேன்.

இனி உன் விஷயம். உன் டெஸ்ட்டைப் பொறுமையாகப் பார்த்தேன். பத்து நிமிட இடைவெளியில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. எந்த ஆறும் அப்படி ஏறாது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். உங்கள் அலுவலகமே பொதுவில் வெளியிட்டிருக்கும் கீழ் நிலையங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீர் வந்திருந்தால் கீழேயும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அன்று முழுவதும், ஒரு நிலையம் பாக்கியில்லாமல், கோடு போட்ட மாதிரி அமைதியாக இருக்கிறது. உன் நிலையத்துக் கருவியில் மரக்கட்டை ஏதாவது இடித்திருக்கும். கோளாறான அளவை நிஜம் என்று டெஸ்ட்டில் வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடுவதுதான் சரி.

‘தேவையில்லை’ என்று எழுதியதைப் பற்றி. நீ திருத்தம் அனுப்பிய அதே வாரத்தில்தான் அத்தையிடம், “அண்ணி எதையும் பூட்டி பூட்டி வைக்கிறவங்க” என்று நீ சொன்னதாக என் காதில் விழுந்தது. சர்க்கரை டப்பாவைச் சொன்னாயோ, என்னைச் சொன்னாயோ, தெரியாது. அந்தத் திருத்தத்தைப் படித்தபோது அதுவும் அதே பேச்சின் மிச்சம் என்றே எனக்குப் பட்டது.

தராசு


ஜூலை 15

அண்ணி,

சர்க்கரை டப்பாவைத்தான் சொன்னேன். அதை அம்மா உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாளா? நன்றாக இருக்கிறது எங்கள் வீட்டுத் தபால் சேவை.

மரக்கட்டை என்கிறீர்கள். சரி, அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஒருவர் விடுப்பில் போனதால் எனக்கு முறை. எங்கள் அலுவலகம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், ஜன்னலைத் திறந்தால் படித்துறை. மேலே மலையில் எங்கோ கொட்டித் தீர்த்திருக்கிறது, எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை. திரையில் நீர்மட்டம் ஒரே நேர்கோடாக இருந்தது. நான் நிம்மதியாக அறிக்கை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுகிற மாதிரி. ஜன்னலில் பார்த்தால் படித்துறையைக் காணோம். டீக்கடைப் பெஞ்ச் ஆற்றின் நடுவில் போய்க்கொண்டிருக்கிறது. திரும்பித் திரையைப் பார்க்கிறேன், அதே நேர்கோடு. மறுபடி ஜன்னல், மறுபடி திரை. எதை நம்புவது என்று நின்றேன் பாருங்கள். கண்ணெதிரே ஆறு வந்துகொண்டிருக்கிறது, நான் திரையைப் பார்க்கிறேன்.

பிறகு ஓடினேன். கீழ்த்தெருவில் வீடு வீடாகக் கதவை இடித்தேன். தொண்டை கட்டிப்போனது. எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். தெருக்கோடியில் இருக்கும் ஆரம்பப் பள்ளிக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டிக் கிடந்தது. குழந்தைகள் பிழைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம், அண்ணி. நானும் இல்லை, ‘கரை’யும் இல்லை, சல்லடையும் இல்லை.

அண்ணனிடம் ஃபோனில் ‘வெள்ளம் வந்தது, எல்லோரும் நலம்’ என்று மட்டும் சொன்னேன், எந்த நாள், எவ்வளவு தண்ணீர் என்றுகூடச் சொல்லவில்லை. வேறு எதையும் யாரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் கருவி அனுப்பிய அளவுகளைத் தோண்டினேன். கருவி ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறது. தாவிய முதல் அளவை சல்லடை தள்ளியது. அடுத்த அளவும் பழையதிலிருந்து தூரமாக இருந்தது, அதையும் தள்ளியது. ஆறு ஏற ஏற இன்னும் தூரம், இன்னும் தள்ளல். கடைசி வரை திரையில் பழைய அளவையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் உங்களுக்குத் திருத்தம் அனுப்பினேன்.

எல்லா நிலையங்களிலும் அன்று கருவிகள் அனுப்பிய அளவுகளை, சல்லடையில் சலிக்காமல் அப்படியே, இத்துடன் வைத்திருக்கிறேன். தராசுதானே, நீங்களே நிறுத்துப் பாருங்கள்.


ஆகஸ்ட் 2

அவசரம்,

உன் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

முதலில் என் முட்டாள்தனத்தைக் கேள். கீழ் நிலையங்கள் அமைதியாக இருந்தன என்று அடித்துச் சொன்னேனே, அந்தப் பதிவுகள் எப்படித் தயாராயின என்று அவற்றின் அடியிலேயே போட்டிருக்கிறது: ‘சல்லடையில் சலித்தவை.’ ஆறு ஏறியதை என் சல்லடையே எல்லா இடத்திலும் தள்ளிவிட்டது. தள்ளியது போக மிஞ்சியதை எடுத்துவைத்துக்கொண்டு, ஆறு ஏறவேயில்லை என்று உன்னிடம் வாதாடியிருக்கிறேன். சல்லடையைச் சரிபார்க்க சலித்ததையே சாட்சிக்குக் கூப்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ அதைச் சொல்லிக் காட்டாமல் சலிக்காத அளவுகளை மட்டும் அனுப்பினாய். சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அவற்றை வரைந்து பார்த்தேன். ஒரு நிலையத்துக்கு ஒரு தாள், மேலிருந்து கீழாக சாப்பாட்டு மேஜையில் அடுக்கினேன். முதல் தாளில் உன் நிலையம், செங்குத்தாக ஏறுகிறது. அடுத்த தாளில் கொஞ்சம் தள்ளி அதே ஏற்றம். அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. தாள் தாளாக ஆறு நடந்து வந்துகொண்டிருந்தது. மேஜை போதாமல் கடைசித் தாள்களைத் தரையில் வைத்தேன். அங்கேயும் வந்தது. உன் அண்ணன், “இது என்ன, மாடிப்படியா?” என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். “உங்க தங்கச்சி ஊர் ஆறு” என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக விரல் வைத்துக்கொண்டே வந்தார்.  இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு ஒழுங்காக வந்திருக்கிறது, நான் அதைக் கோளாறு என்றேன். பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். உனக்கு நினைவிருக்கும். அறையின் வெப்பத்தைப் பதிவு செய்ய ஜன்னலில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தோம். நீ அவசரத்தில் அதை என் டீ டம்ளருக்குள் போட்டுவிட்டாய். அளவு விண்ணுக்குத் தாவியது, எடுத்துத் துடைத்ததும் இறங்கிவிட்டது. ‘இந்த மாதிரித் தாவலையெல்லாம் தள்ள வேண்டும்’ என்று அந்த டீயை வைத்துத்தான் வரம்பைக் குறித்தோம். தாவியது எப்படியும் இறங்கிவிடும் என்று நினைத்தோம், டீயில் அப்படித்தான் ஆயிற்று. அன்றிலிருந்து உலகத்து ஆறுகளையும் நட்சத்திரங்களையும் ஒரு டீ டம்ளரை வைத்து அளந்துகொண்டிருக்கிறோம். யாரும் கேட்கவில்லை. எல்லா டெஸ்ட்டும் பச்சை.

பிறகு மற்ற பேக்கேஜ்களோடு வரும் மாதிரி அளவுகளை எடுத்து, சல்லடை எவற்றைத் தள்ளியது என்று பார்த்தேன். பாதிக்கு மேல் உண்மையான கோளாறுதான், சல்லடை சும்மா இருந்துவிடவில்லை. ஆனால் ஒரு நட்சத்திரம் திடீரென்று பிரகாசமாகி ஒரு முழு நாள் அப்படியே இருந்திருக்கிறது, தள்ளியிருக்கிறோம். ஆளில்லாத ஏரியில் ஒரு காலையில் பறவைகள் மொத்தமாக இறங்கியிருக்கின்றன. தள்ளியிருக்கிறோம். இந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் தேறின என்று உன்னிடம் பெருமைப்பட்டேன். அவை தேறியதற்குக் காரணம், அந்த மாதிரி நாளைப் பார்த்து அதை டெஸ்ட்டாக எழுதிவைக்க அங்கே ஒரு அவசரம் இல்லை.

உனக்கு மட்டும் ஒரு முன்வாசல் வைத்துக்கொடுத்தால் நாளைக்கே முடிந்துவிடும். அது போதாது என்று நினைக்கிறேன். சல்லடை இனி எதையும் உடனே தள்ளாது. தாவலைக் கண்டால் எடுத்துத் தனியே வைத்து, அடுத்தடுத்த அளவுகளைக் கேட்கும். அவையும் அதையே சொன்னால் நம்பும். எல்லோருக்கும் இதுவே வழக்கமாக இருக்கும். எழுதி ஓட்டிப் பார்த்தேன். நீ கொல்லைப்புறமாக எடுத்த ஃபங்ஷனின் தேவையே இல்லாமல் உன் டெஸ்ட் பச்சையானது. அதுவரை பச்சையாக இருந்தவர்களில் ஏராளமானோர் சிவப்பு. ஒவ்வொருவருக்கும் எழுதி, சம்மதம் வாங்க வேண்டும். செப்டம்பர் முதல் தேதி அப்படியே நிற்கிறது. முடியாவிட்டால் சல்லடையோடு உன் ‘கரை’யும் சேர்ந்து பரணுக்குப் போகும். என்ன செய்யலாம், சொல்.

தராசு


ஆகஸ்ட் 4

அடியே தராசு,

பட்டியலில் பாதியை என்னிடம் தள்ளு. இன்றைக்கே.

நீ ஒவ்வொரு கடிதத்தையும் நிறுத்து நிறுத்து எழுதினால் அடுத்த மழைக்குத்தான் முடியும். ‘எல்லோருக்கும் அனுப்புகிற ஒரே மாதிரியான கடிதம்’ வேண்டவே வேண்டாம், அதன் லட்சணத்தை நான் பார்த்துவிட்டேன். நட்சத்திரக்காரருக்கு அவர் நட்சத்திரத்தைப் பற்றி எழுதுவோம். பறவைக்காரிக்கு அவள் பறவைகளைப் பற்றி. சல்லடை எதைத் தள்ளியது என்பதை ஒரு படமாக வரைந்து கூடவே வைப்போம். திட்டுகிறவர்கள் திட்டட்டும். திட்டு வாங்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு, உன் பங்குக்கும் நானே வாங்கிக்கொள்கிறேன்.

மேலதிகாரியிடம் டெஸ்ட்டை எடுக்க மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். “தேதி தவறிப்போச்சுன்னா?” என்று கேட்டார். “எங்க அண்ணி தேதி தவற மாட்டாங்க” என்றேன். ஆகவே மானத்தை வாங்கிவிடாதே.

நீ தரையில் தாள் பரப்பிய இடத்தை இரண்டு முறை படித்தேன். அன்றைக்கு நான் பார்த்தது ஜன்னல் அளவு ஆறுதான். முழு ஆற்றையும் பார்த்தது நீயும் அண்ணனும்தான். அந்தத் தாள்களை எறிந்துவிடாதே, எனக்கு வேண்டும்.

அவசரம்


ஆகஸ்ட் 29

அவசரம்,

ஏற்றியாயிற்று. கிடங்கு ஏற்றுக்கொண்டது.

உனக்கு வந்த பதில்களை நீ அனுப்பினாய். எனக்கு வந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். ரொட்டி அடுப்புக்காரர் நன்றாகவே திட்டினார். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் எதற்குக் கை வைக்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் பழைய வரம்பை வைத்துக்கொள்ள ஒரு வழி செய்துகொடுத்தேன், இரண்டு வருடம் முன் நீ கேட்டாயே, அதே முன்வாசல். மறுநாள் அவரே மறுபடி எழுதினார். தள்ளியவற்றைத் தேடியதில், அடுப்பின் கதவு சரியாக மூடாத நாட்கள் அத்தனையும் அங்கே கிடந்ததாம்.

குழந்தைகள் வார்டுக்காரர் இரண்டே வரி எழுதினார். ‘பார்த்துவிட்டோம். எங்களுக்கு முதலில் மாற்றிக் கொடுங்கள்.’ அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறெதையும் அவர் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

நட்சத்திரக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எத்தனையோ வருடமாக அந்த நட்சத்திரத்தைக் கவனித்து வருகிறாராம், ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நம் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ‘அது எரிந்தபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அம்மா’ என்று எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் ஒரு நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இத்தனைக்கும் அதை எடுத்து வைத்திருந்தவளே நான்தான்.

ஒருவர் பதிலே போடவில்லை. கிடங்கில் இருந்த முகவரி செத்துப்போயிருந்தது. பாலத்து அதிர்வு பேக்கேஜ். அதை நம்பி இன்னும் எத்தனை பேரோ. அவரைத் தெரிந்த யாரையோ தெரிந்த ஒரு பெண் தானாக வந்து, “நான் எடுத்து நடத்துறேன், இது விழக்கூடாது” என்று பொறுப்பை வாங்கிக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. இந்தக் கிடங்கு முழுவதும் இப்படிப்பட்டவர்களால்தான் நிற்கிறது போலிருக்கிறது. இவ்வளவு வருடம் இதற்குள்ளேயே இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

கடைசியாக முழுவதையும் ஒருமுறை ஓட்டினேன். இந்த முறை உன் அண்ணனும் அத்தையும் மேஜையில் கூட உட்கார்ந்துகொண்டார்கள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஒவ்வொரு பச்சைக்கும் தலையாட்டினார்கள். ‘கரை’ வந்தபோது மூன்று பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பச்சை. “அவ தேறிட்டாளா?” என்று அத்தை கேட்டார்கள். “அவ எப்பவோ தேறிட்டா அத்தை, நான்தான் இப்ப தேறினேன்” என்றேன்.

இரண்டு விஷயம். சல்லடையை எழுதியவர்கள் என்ற வரியில் உன் பெயர் என் பெயருக்கு முன்னால் இருக்கிறது, சண்டைக்கு வராதே. அப்புறம், உன் டெஸ்ட்டை சல்லடைக்குள்ளேயே எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு ஏறாவிட்டால் இனி நானே நினைத்தாலும் புதிய பதிப்பை ஏற்ற முடியாது.

மழை எப்போது?

தராசு

பி.கு: சர்க்கரை டப்பாவைப் பூட்டுவதில்லை. எறும்புகள் நலம்.


அக்டோபர் 17

தராசு,

இன்று வந்தது.

தாளை மடியில் வைத்திருக்கிறேன், எழுத்து ஓடினால் பொறுத்துக்கொள். மேட்டுத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அலுவலகத்துக்குள் தண்ணீர் இருக்கிறது.

வாரநாள். பள்ளி நடந்துகொண்டிருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறையும் எங்களுக்கு மழை இல்லை, நல்ல வெயில். திரையில் கோடு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. மலையடிவாரத்துப் புது நிலையத்தின் அளவு தாவியது. தாவியதைச் சல்லடை எடுத்துத் தனியே வைத்தது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்த அளவு வந்தது. அதற்கடுத்தது. கோடு எழுந்து நின்றது, தராசு. அப்படியே செங்குத்தாக எழுந்து நின்றது. நான் எழுந்துவிட்டேன், நாற்காலி பின்னால் விழுந்தது. எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஜன்னலில் பார்த்தால் ஆறு ஒன்றும் தெரியாதது போல் அமைதியாக இருக்கிறது, படித்துறையில் ஒருவர் துணி அலசிக்கொண்டிருக்கிறார். மறுபடி ஜன்னல், மறுபடி திரை. இந்த முறை திரையை நம்பினேன். ஜன்னல் வழியாகக் கத்தி அவரை மேலே ஏற்றினேன்.

பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வரிசையாக, பையைக்கூட எடுக்காமல் மேட்டுத்தெருவுக்கு ஏறினார்கள். ஆசிரியைகள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார்கள். நான் கடைசியில் நின்றேன். மேலதிகாரி ஒரு குட்டியைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். “எல்லாரும் வந்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலில் நின்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆறு வரவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு அம்மா, “சும்மா கிளப்பி விட்டாங்களா?” என்று கேட்டாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கல் கொட்டுகிற சத்தம்.

முழு ஆற்றையும் இன்றுதான் பார்த்தேன். நீ தாளில் பார்த்தாயே, அதேதான், அதே ஏற்றம். வளைவில் திரும்பி, கரையை மறந்து, மரங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது.   காலியான தெருவுக்குள் நுழைந்தது, பள்ளிக்கூட வாசலில் ஏறி, வகுப்பறைக்குள் போனது. ஜன்னல் வழியாக ஒரு பெஞ்ச் வெளியே வந்து மிதந்துகொண்டு போயிற்று. குழந்தைகள் அதற்குக் கையாட்டினார்கள்.

இன்றைய சலிக்காத அளவுகளை வைத்திருக்கிறேன். இதற்கும் ஒரு டெஸ்ட் எழுதி அனுப்புகிறேன், முன்வாசல் வழியாக.

என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், முன்பல் இரண்டும் இல்லாதவள், என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்தாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, “ஆறு வரப்போகுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள்.

“எங்க அண்ணி” என்றேன்.